போன வருடத்துத் திருக்கல்யாணம்

“பத்து நிமிஷத்துல வந்துரும்ணே. ஆளை அனுப்பிட்டேன்.”

“எந்த ஆளைம்மா? காசிமாயனையா? அவரு இங்கன எங்க வீட்டு சோபாவுலதான் உக்காந்திருக்காரு. மூணு மணியிலருந்து. படம் தெரியாம எந்திரிக்க விடமாட்டேன்.”

பாண்டிமீனா போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள். சுவர்க் கடிகாரத்தில் நாலே கால்.

“அவருகிட்டக் குடுங்கண்ணே.”

கொஞ்சம் இரைச்சல். பிறகு காசிமாயனின் குரல் வந்தது. பயந்த குரல் இல்லை. வெட்கப்பட்ட குரல்.

“மீனா, ஒண்ணுமில்ல. கேட்டைப் பூட்டிச் சாவியச் சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு. அம்புட்டுத்தான்.”

“அடிச்சாங்களா?”

“அதெல்லாம் இல்ல. காப்பி குடுத்தாங்க. அவங்கம்மா முறுக்கு வச்சுது.”

காசிமாயன் கேபிள் லைன்மேன். பாண்டிமீனாவின் கணவன். ஒத்தக்கடையில் சுருளி நடத்தும் கேபிளில் அவன் கம்பம் ஏறுகிறான், அவள் புகார் போனை எடுக்கிறாள். அவள் போனில் சொன்னதை அவன் தெருவில் போய் நிறைவேற்ற வேண்டும். ஒன்பது வருடம் அது பெரிய சிக்கல் இல்லாமல் நடந்தது. இந்தப் பங்குனியில்தான் முதல் தடவையாக ஒரு வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டினார்.

ஐந்தரைக்குப் படம் தானாக வந்தது. ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காசிமாயனை விட்டுவிட்டார்கள். அவன் கண்ட்ரோல் ரூமுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, “நாளைக்கு யாராச்சும் முறுக்கு குடுக்காமப் பூட்டுவாங்க” என்றான். அவள் சிரிக்கவில்லை.

பாண்டிமீனாவுக்கு நாற்பத்தொரு வயது. மேலூர் ரோட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பத்தாவது முடித்ததும் கப்பலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்து நாலு வருடம் வேலை பார்த்தாள். அந்த இரைச்சலில் நின்றவளுக்கு, பிறகு மனிதர்கள் போடும் சத்தம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. முன்னால் போன் எடுத்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனபோது சுருளி காசிமாயனிடம் சொன்னான்: “உம் பொண்டாட்டிய வரச் சொல்லுடா. அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல நின்னு நான் உன்னையப் பாத்துக் கத்துனப்ப, அது பாட்டுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு பாரு. அந்த ஆளுதான் நமக்கு வேணும்.”

கண்ட்ரோல் ரூம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. மொட்டைமாடியில் மூன்று பெரிய டிஷ். அறைக்குள் மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிகளின் அடுக்கு, ஒரு ஏ.சி., ஒரு டிவி, ஒரு மேசை, இரண்டு போன். அங்கிருந்து ஒத்தக்கடைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்குமாக மூவாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குக் கம்பி போனது. போனில் கேட்கும் இருமலை வைத்தே எந்தத் தெரு என்று பாண்டிமீனா சொல்லிவிடுவாள்.

பத்து நிமிடம் என்பது அவள் கண்டுபிடித்த அளவு. ஐந்து என்றால் போன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள். அரை மணி என்றால் கத்துவார்கள். பத்து என்றால் போய் அரிசி களைவார்கள், கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள். அதற்குள் பெரும்பாலும் படம் வந்துவிடும். அதைப் பொய் என்று அவள் நினைத்ததில்லை.

மாசியில் டிவியில் முகங்கள் உடையத் தொடங்கின. நாடகத்தில் மாமியார் பேசிக்கொண்டிருப்பாள். வாய் ஒரு கட்டத்திலும் கண் இன்னொரு கட்டத்திலும் நின்றுவிடும். முதலில் மேகம் என்றார்கள். வானத்தில் மேகமே இல்லை. பிறகு டிஷ்ஷில் காக்கை கூடு கட்டிவிட்டது என்றார்கள். காசிமாயன் ஏறிப் பார்த்தான், கூடு இல்லை. சுருளி டிஷ்ஷைத் திருப்பினான், டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி. என்ற கருவியை மூன்று தடவை மாற்றினான். மதியம் நன்றாக இருக்கும். சாயங்காலம் எல்லோரும் உட்காரும் நேரத்தில் உடையும்.

மதுரைக்குள் கேபிள் நடத்தும் சேக் மைதீன் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் மொட்டைமாடியில் ஒரு சுற்று நடந்தார். ஐம்பதடி தள்ளி, புதுக் காம்ப்ளெக்ஸின் உச்சியில், பொங்கலுக்குப் பிறகு முளைத்திருந்த செல்போன் டவரைக் காட்டினார்.

“மாப்ள, இனிமே டிஷ்ஷைத் திருப்பாத. காக்காயையும் வையாத. அந்தா நிக்கிறான் பாரு.”

“அவன் போனுக்கு. நான் டிவிக்கு. அவனுக்கும் எனக்கும் என்ன பாய் சம்பந்தம்?”

“பக்கத்துப் பக்கத்து மனை. முன்ன அந்த வரிசை பூரா டிவிக்காரன் அலைவரிசை. சாட்டிலைட்லருந்து நமக்கு வர்றது அதுலதான் வரும். அதுல ஒரு பக்கத்த அளந்து கல்லு ஊண்டி போன் கம்பெனிக்கு ஏலம் விட்டுட்டாங்க. விட்டு வருசமாச்சு. வாங்குனவன் இப்பத்தான் உன் ஊருக்குக் குடிவந்திருக்கான்.” சேக் மைதீன் வானத்தைக் காட்டினார். “அது முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு நின்னு காதுல கிசுகிசுங்குது. இவன் பக்கத்து மாடியில நின்னு மைக் வச்சுக் கத்துறான். உன் டிஷ்ஷுக்கு எது கேக்கும்?”

“என்னையக் கேட்டா வித்தாங்க?”

“ஆமா. எல்லாம் ஒன்னையக் கேட்டுத்தான் நடக்குது.”

வழி இருந்தது. டவரின் சத்தத்தைத் தடுத்துவிட்டுச் சாட்டிலைட்டின் சத்தத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர். சென்னையில் கிடைக்கும். சேக் மைதீன் தன் டிஷ்களுக்கு ஆறு மாதம் முன்னாலேயே மாட்டிவிட்டார். சுருளி கேட்கவில்லை.

“இருந்த இடத்துல இருந்தவன் நான் பாய். நேத்து வந்தவன் வாயப் பொத்தட்டும். நான் ஏன் காதப் பொத்திக்கணும்?”

மனு எழுதினான். அறுநூறு கையெழுத்து சேர்ந்தது. ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் கூட்டத்துக்கு பாண்டிமீனாவும், பஸ் ஸ்டாப்பில் பழக்கடை வைத்திருக்கும் அழகம்மாளும் கொண்டுபோனார்கள். இரண்டு மணி நேரம் வரிசை. மேசையில் இருந்தவர் பொறுமையாகப் படித்தார்.

“இது டெல்லி சமாச்சாரம்மா. நிலத்துக்குன்னா பட்டா பாத்துச் சொல்லிருவேன். காத்துக்கு எங்கிட்ட ரெக்கார்டு இல்ல.”

“அப்ப யாருட்டத்தான் சார் கேக்குறது?” என்றாள் அழகம்மாள்.

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். பிறகு மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு கொடுத்தார்.

காம்ப்ளெக்ஸின் படிக்கட்டில் டவர் கம்பெனியின் போர்டில் ஒரு நம்பர் இருந்தது. காசிமாயன் அதற்கு அடித்துப் பார்த்தான். ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினான். இரண்டை அழுத்தச் சொன்னது. கடைசியில் நன்றி சொல்லி வைத்துவிட்டது. “உன்னையவிட நல்லாப் பேசுது மீனா” என்றான்.

டீக்கடையில் பேச்சு வேறாக இருந்தது.

“காத்த வித்தாச்சு. வெயிலை எப்ப விப்பாங்க?”

“மதுரை வெயில எவன் வாங்குவான்?”

“வாங்குனவன்கூட நல்லாத்தான் இருக்கான்யா. வித்தவனும் நல்லா இருக்கான். மாசாமாசம் கேபிளுக்குக் கட்டுறவன் கட்டம் கட்டமாப் பாக்குறான்.”

விற்றவர்களின் நம்பர் யாரிடமும் இல்லை. வாங்கியவர்களின் நம்பர் நன்றி சொல்லி வைத்துவிடும். பாண்டிமீனாவின் நம்பர் ஒவ்வொரு வீட்டிலும் செட்டாப் பாக்ஸின் முதுகில் ஒட்டியிருந்தது. நாளுக்கு நாற்பது அழைப்பு வந்துகொண்டிருந்தது, இப்போது முந்நூறு. அவள் பத்து நிமிடம் என்றாள். அந்த முந்நூறு பத்து நிமிடங்களும் காசிமாயன் தலையில் விழுந்தன. அவன் வண்டிச் சத்தம் தெருவுக்குள் கேட்கும்வரை அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல் வந்தான். கம்பத்தில் மாட்டிக்கொண்டது என்றான்.

சித்திரையில் திருக்கல்யாணம் வந்தது.

மீனாட்சியின் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் மதுரைப் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் டிவி முன்னால் உட்காருவார்கள். குளித்து, விளக்கேற்றி, புது மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அங்கே பட்டரின் கை உயரும்போது இங்கே இவர்கள் கை உயரும். புதுக் கயிறு ஏறிய பிறகுதான் பழையதை எடுப்பது. எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள் முகூர்த்தம் என்று பத்திரிகையில் போட்டிருப்பார்கள். அதில் எந்த நிமிடம் என்பது பார்த்தால்தான் தெரியும். புருஷனுக்காகச் செய்வது. அந்த நிமிடத்தைத் தவறவிட ஒருத்தியும் ஒப்பமாட்டாள்.

சுருளி பத்து நாள் முன்னால் இறங்கிவந்து ஃபில்டருக்குச் சொல்லியிருந்தான். செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். பிறகு வியாழன் என்றார்கள். திருக்கல்யாணம் வியாழன். பார்சல் வரவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு ராமக்காளுடையது. நரசிங்கம் ரோட்டில் வீடு. அவள் கணவன் சின்னானுக்கு வாதம் வந்து ஒரு வாரமாகப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். பேச்சு நின்றுபோயிருந்தது.

“மீனா, நான் ராமக்கா. ராவெல்லாம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு இப்பத்தான் வந்தேன். கயிறு மாத்திட்டு ஒம்போதரை பஸ்ஸுக்குத் திரும்பப் போகணும். அந்த நேரத்துக்கு மட்டும் படம் நிக்காமப் பாத்துக்கடி ஆத்தா. எங்கிட்ட டச் போனு கெடையாது.”

“பாத்துக்கிறேன்க்கா.”

“பத்து நிமிசம்னு சொல்லிராத.”

“சொல்லமாட்டேன்க்கா. படம் வரும். நான் பொறுப்பு.”

அப்படி அவள் யாரிடமும் சொன்னதில்லை. போனை வைத்த பிறகு ஏன் சொன்னோம் என்று யோசித்தாள். அவள் பையிலும் காகிதத்தில் சுற்றிய ஒரு மஞ்சள் கயிறு இருந்தது.

ஏழரை வரை படம் கண்ணாடி மாதிரி இருந்தது. திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த முருகன் மேடைக்கு எழுந்தருளுவதை முழுதாகப் பார்த்தார்கள். ஏழே முக்காலுக்கு ஒரு ஓரத்தில் கட்டம் விழுந்தது. மக்கள் கையில் போனை எடுத்தார்கள். போனில் பார்க்கப் பார்க்க டவருக்கு வேலை கூடியது. டவருக்கு வேலை கூடக் கூட டிவி உடைந்தது. டிவி உடைய உடைய இன்னும் பலர் போனை எடுத்தார்கள். எட்டேகாலுக்கு மீனாட்சியின் முகம் பாதியில் நின்றது. பிறகு திரை கறுப்பானது.

இரண்டு போனும் சேர்ந்து அடித்தன. ஒன்றை எடுத்தால் மற்றது அடித்தது.

“ஏம்மா, விளக்கேத்தி உக்காந்திருக்கோம்!”

“வந்துரும்க்கா.”

“இன்னைக்கும் டவராலதான்னு கதை சொல்லாத.”

“வந்துரும்க்கா, வச்சிருங்க.”

மேலே சுருளியும் காசிமாயனும் டிஷ்ஷைச் சுற்றிக் கோழிக்கூண்டு வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வலை டவரை மறைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாண்டிமீனா ஓடிப்போய்ப் படியில் நின்று கத்தினாள். “வரலண்ணே! இன்னும் வரல!” காசிமாயன் தகரம் ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு டவரைப் பார்த்து நின்றான். அது எதையும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது.

எட்டு இருபத்தைந்துக்குச் சுருளி கீழே வந்தான். கையில் கம்பி கிழித்து ரத்தம். மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு பென்டிரைவை எடுத்தான். லோக்கல் சேனலில் மறுபடி போடுவதற்காகப் போன வருடம் பதிவு செய்த திருக்கல்யாணம்.

“அண்ணே, இது போன வருசத்துது.”

“தெரியும்.”

“கயிறு மாத்துவாங்கண்ணே. நேரம் வேறயா இருக்கும்.”

“மீனாச்சிக்கு வருசத்துக்கு ஒரு மாப்ளையா? அதே சொக்கருதான? மூணு நாலு நிமிசம் முன்னப் பின்ன இருக்கும். அது முகூர்த்தத்துக்குள்ளதான.” அவன் திரும்பவில்லை. “மூவாயிரம் வீட்டுல கயிறக் கையில வச்சுக்கிட்டுக் கருப்பு டிவியப் பாக்குறாளுக மீனா. படம் வரலன்னா இன்னைக்கு உம் புருசனத் தெருவுல விடமாட்டாளுக.”



அவன் பதிவை நடுவில் எங்கேயோ தொடங்கி, திருக்கல்யாணம் காட்டும் மூன்று சேனல் எண்ணிலும் விட்டான். திரை தெளிந்தது. மேளம். கூட்டம். மூலையில் ‘நேரலை’ என்று எழுதியிருந்தது. போன வருடம் அது உண்மை.

எட்டு இருபத்தெட்டுக்கு இரண்டு போனும் நின்றன. ஒன்பது வருடத்தில் பாண்டிமீனா அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. ஏ.சி. ஓடும் சத்தம் கேட்டது. கீழே கடையில் யாரோ ஒரு அண்டாவைத் தட்டிப் பார்ப்பது கேட்டது.

அவள் தன் செல்போனை எடுத்து உண்மையான திருக்கல்யாணத்தை வைத்தாள். டவர் பக்கத்தில் இருந்ததால் படம் உடையவே இல்லை.

எட்டு நாற்பத்தொன்றுக்கு டிவியில் தாலி ஏறியது. அவள் கையில் இருந்த போனில் பட்டர்கள் இன்னும் அக்கினிக்கு நெய் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எட்டு நாற்பத்து நாலுக்கு மேசை போன் அடித்தது.

“மீனா!” ராமக்காள் அழுதுகொண்டிருந்தாள். “மாத்திட்டேன்டி. கயிறு ஏறுறப்ப ஒரு கட்டம்கூட விழல. அம்புட்டுத் தெளிவு. சொன்ன சொல்லக் காப்பாத்திட்ட. எனக்கு இப்பத்தான் தெம்பா இருக்கு. அந்த மனுசனுக்கு இனிப் பேச்சு வந்துரும்.”

செல்போனில் தாலி ஒரு தட்டில் இருந்தது. அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏறவில்லை.

“யக்கா, பழைய கயித்த எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேனே. ஏண்டி?”

அவள் தலையைத் தூக்கினாள். சுருளி எதிரே நின்றான். அவன் மிரட்டவில்லை. ரத்தம் காய்ந்த இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். அவனுக்குப் பின்னால் வாசலில் காசிமாயன் தகரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது.

“ஏண்டி, என்ன?”

“ஒண்ணுமில்லக்கா. நீ பஸ்ஸுக்குக் கிளம்பு.”

எட்டு ஐம்பத்திரண்டுக்குச் செல்போனில் பட்டரின் கை உயர்ந்தது. சுருளி மாடிக்குப் போயிருந்தான். பாண்டிமீனாவின் கை பைக்குள் போனது. அவள் அதை நினைத்துச் செய்யவில்லை. காகிதத்தைப் பிரித்து, புதுக் கயிற்றைக் கழுத்தில் கட்டி, பழையதை எடுத்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. வாசலில் காசிமாயன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். இருபது பெண்கள் இருக்கும். படிக்கட்டில் நின்றவர்கள் போக அறைக்குள் ஏழெட்டுப் பேர். முன்னால் அழகம்மாள்.

“சுருளி, மீனாச்சி இன்னைக்கு என்ன கலர் சேலை?”

“ஏக்கா, சேலைக்கு என்ன?”

“என் மக பவதாரிணி காலேஜ்ல இருந்து போன்ல பாத்திருக்கா. பச்சைங்கிறா. நாங்க பாத்தது அரக்கு.”

“கேமராவுக்குக் கேமரா கலரு மாறும்க்கா. லைட்டு இருக்குல்ல.”

“பச்சையை அரக்காக் காட்டுற லைட்டு எங்கன விக்கிது? வாங்கி என் கடையில மாட்டுறேன். காயெல்லாம் பழமாத் தெரியும்.”

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். உடனே நின்றது.

“எல்லாம் டவராலக்கா,” என்றான் சுருளி. “நம்ம அலைவரிசைய வித்துட்டாங்க. நானும் எம்புட்டுத்தான்...”

“வித்தது தெரியும்டா. கையெழுத்துப் போட்டேன். வரிசையில நின்னேன். அது வேற. நான் கேக்குறது வேற.” அழகம்மாள் திரும்பினாள். “மீனா, நீ சொல்லு. நீ சொன்னா நம்புறோம்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இந்தக் குரல்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். முகங்களில் பாதியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். காசிமாயன் படிக்கட்டின் மேல்முனையில், பெண்களுக்கு நடுவே, கையில் கட்டிங் பிளேயரோடு நின்றான். உண்மையைச் சொன்னால் நாளைக்கு இவர்கள் வீட்டு வாசலில் அவன்தான் போய் நிற்க வேண்டும்.

“பழைய படம்தான்க்கா. போன வருசத்துது.”

யாரும் கத்தவில்லை. அவள் கத்தலை எதிர்பார்த்தாள். ஒரு பெண் சுவரில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்ப சரியான நேரம் எது?”

“எட்டு அம்பத்திரண்டு.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“போன்ல பாத்தேன்.”

அழகம்மாள் அருகில் வந்தாள். பாண்டிமீனாவின் கழுத்தைப் பார்த்தாள். புதுக் கயிற்றின் மஞ்சள் வியர்வையில் கரைந்து ஜாக்கெட் விளிம்பில் இறங்கியிருந்தது.

“எட்டு அம்பத்திரண்டுக்கா மாத்துன?”

பாண்டிமீனாவின் கை கயிற்றின் மேல் போனது.

“ஊருக்கெல்லாம் போன வருசம். உம் புருசனுக்கு மட்டும் இந்த வருசம்.”

காசிமாயன் படியில் ஓரடி இறங்கினான். பெண்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். அடிப்பதைவிட அது மோசமாக இருந்தது.

“ராமக்காளுக்குத் தெரியுமா?” என்றாள் அழகம்மாள்.

“தெரியாது.”

“நீயே சொல்லு. அடுத்தவ வாயால கேக்கவிடாத.”

அவர்கள் இறங்கிப் போனார்கள். ஒருத்தி முந்தானைக்குள் பாக்ஸைக் கொண்டுவந்திருந்தாள். அதை மேசை மேல் வைத்து, ரிமோட்டையும் அதன் மேல் நேராக வைத்துவிட்டுப் போனாள். சுருளி நாற்காலியில் உட்கார்ந்து, “அன்னைக்கே அந்த ஃபில்டர வாங்கியிருக்கணும்” என்றான். யாரிடமும் சொல்லவில்லை.

பாண்டிமீனா ராமக்காளின் நம்பரை அடித்தாள். மூன்றாவது தடவைதான் ராமக்காள் எடுத்தாள்.

“யக்கா, காலையில நீ பாத்தது போன வருசத்துப் படம்.”

“என்னது?”

“டவரால படம் வரல. பழசப் போட்டுட்டாங்க. எனக்குத் தெரியும். நீ போன் பண்ணுனப்பயே தெரியும்.”

வார்டுக்குள் ஏதோ வண்டி உருண்டுபோகும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள்.

“நான் போன் பண்ணுனப்ப அங்க தாலி கட்டியாச்சா?”

“இல்லக்கா.”

“எம்புட்டு நேரம் இருந்துச்சு?”

“எட்டு நிமிசம்.”

“எட்டு நிமிசம்,” என்றாள் ராமக்காள். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சரியா என்று பார்ப்பதுபோல் இருந்தது. “வேற கயிறு வீட்டுல இருந்துச்சேடி. ரெண்டா வாங்கி வச்சிருந்தேன்.”

“யக்கா...”

“டாக்டர் வாராரு. வையி.”

மறுநாள் தேரோட்டம். சுருளியின் பார்சல் பதினொரு மணிக்கு வந்தது. ஒன்றரை மணிக்குள் மூன்று டிஷ்ஷிலும் ஃபில்டரை மாட்டிவிட்டார்கள். படம் உடையவில்லை. கோழிக்கூண்டு வலையைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். டவரில் இரண்டு பேர் ஏறி இன்னொரு பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு வீடுகள் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தன. காசிமாயன் அவற்றைச் சாக்கில் போட்டு இரண்டு நடையாகக் கொண்டுவந்தான். எந்த வீட்டிலும் அவனை யாரும் திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அழகம்மாள் பாக்ஸைக் கொடுக்கவில்லை. சின்னானுக்கு அப்படியேதான் இருக்கிறது என்றும், ராமக்காள் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வேறொரு கயிறு மாற்றிக்கொண்டாள் என்றும் அழகம்மாள் காசிமாயனிடம் சொல்லியனுப்பினாள். பாண்டிமீனா காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை போனில் இருந்தாள். பத்தொன்பது அழைப்புகள் வந்தன. ராமக்காளின் நரசிங்கம் ரோட்டிலிருந்து இரண்டு. இரண்டும் வேறு வீடுகள்.